சிறுவர் கதைகளும் அடுக்களைக் கல்வியும்

சிறுவர் இலக்கியத்தின் பயன் யாது என வினவுவோர்க்கு மொழிவளம், கற்பனைவளம், ஒழுக்கம் என்னும் மூன்றையும் விடையாகக் கூறுதல் ஆசிரியருலகின் வழக்கம். இம்மூன்றும் உண்மையே. எனினும் இவற்றுள் அடங்காத நாலாவது பயன் ஒன்றுண்டு. அதுவே செயலூக்கம். கடற்கதை படித்த சிறுவன் வாங்குப் பலகையைக் கப்பலாக்கிக் கொள்கிறான். துப்பறியுங் கதை படித்தவன் அயல்வீட்டாரைக் கள்வராக எண்ணிப் பின்தொடர்கிறான். இவை விளையாட்டளவில் நின்றுவிடுவன. ஆயின், உணவு ஆக்கும் காட்சியைப் படித்த பிள்ளை நூலை மூடிவைத்து அடுக்களைக்குச் செல்லுமாயின், அங்கு அது காண்பது மெய்யான நெருப்பு, மெய்யான மா, மெய்யான பசி. கதையுலகிலிருந்து நனவுலகுக்குச் செல்லும் வாயில்களுள் அடுக்களைவாயிலைப்போல் அண்மையிலுள்ளது பிறிதொன்றில்லை.

உணவைப்பற்றிப் பேசுங் கதைகள் யாவும் இவ்வூக்கத்தைத் தருவனவல்ல. இங்கிலாந்தின் எனிட் பிளைட்டன் 1942ஆம் ஆண்டு தொடக்கம் எழுதிய ஐவர் கதைவரிசையை ஆங்கிலங் கற்ற நம்மவர் பலரும் இளமையிற் படித்திருப்பர். அக்கதைகளிற் சிற்றுண்டிக்கூடைகளுக்குக் குறைவில்லை. ஆயினும் அக்கூடைகள் பெரும்பாலும் அத்தை கையாலோ சமையற்காரி கையாலோ நிரப்பப்பட்டே வருகின்றன. படிக்கும் பிள்ளைக்குப் பசி எழுகிறது, கை எழுவதில்லை. உண்ணுதலைக் கூறுங் கதை நாவூறச் செய்யும். ஆக்குதலைக் கூறுங் கதையே கையை எழுப்பும். இவ்வேறுபாட்டை ஆராய்ந்து, அதனால் ஆசிரியரும் பெற்றோரும் அறியத்தக்கது யாதெனக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

கதையைக் கருவியாகக் கொண்டு சிறுவர்க்குச் சமையல் கற்பிக்கும் முயற்சி புதியதன்று. ஐக்கிய அமெரிக்காவில் எலிசபெத் ஸ்டான்ஸ்பரி கேர்க்லண்ட் என்னும் ஆசிரியை 1877ஆம் ஆண்டில் ஆறு சிறுமியரை மாணவியராக வைத்து ஒரு சமையற்கதை நூல் வெளியிட்டார். ஜேன் என்னும் அத்தை சிறுமியர்க்குச் சமையல் வகுப்பு நடத்துவதே அதன் பொருள். 1912ஆம் ஆண்டிற் பிலடெல்பியா நகரில் வெளிவந்த ஜேன் இயர் பிரையர் என்பவரின் நூல் இன்னும் ஒரு படி மேலே சென்றது. அதில் மேரி பிரான்சிஸ் என்னுஞ் சிறுமிக்கு ஆசிரியராக வருவோர் மனிதரல்லர். கேத்தலும் சட்டியும் உருட்டுகட்டையுமே உயிர்பெற்றுப் பேசி அவளுக்குச் சமையலைக் கற்பிக்கின்றன. பாண் வாட்டுதலாகிய மிக எளிய தொழிலில் தொடங்கி அரியவற்றை நோக்கி அவளை அவை அழைத்துச் செல்கின்றன.

இந்நூல்கள் நன்னோக்கம் உடையன. அக்காலச் சிறுமியர் பலர்க்குப் பயன்பட்டும் இருக்கும். எனினும் இவற்றில் ஒரு குறை உண்டு. கதை இங்கே பாடத்துக்குப் பூசிய தேனாக நிற்கிறது. தேனை நக்கியபின் மருந்தைத் துப்பிவிடும் வல்லமை பிள்ளைகளுக்கு இயல்பாகவே உண்டென்பதை வகுப்பறை அறிந்தோர் அறிவர். சமையல் செய்யாவிடினும் மேரி பிரான்சிசுக்குப் பெரிய இழப்பொன்றுமில்லை. செய்தேயாகவேண்டும் என்னும் நெருக்கடி கதையுள் இல்லாதவிடத்துப் படிப்போர் உள்ளத்திலும் அது தோன்றாது.

லூயிசா மே ஒல்கொட் இவ்வுண்மையை நன்குணர்ந்த எழுத்தாளர். 'சிறு மகளிர்' எனத் தமிழிற் பெயர்க்கத்தக்க அவரது நூலின் முதற்பாகம் 1868ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதில் தாய், தன் புதல்வியர் நால்வரையும் ஒரு கிழமை முழுவதும் வேலையின்றி விளையாட்டாகவே இருக்க விடுகிறாள். இறுதிநாளில் அவள் வீட்டுவேலையினின்று விலகிக்கொள்ள, இரண்டாவது மகளாகிய ஜோ விருந்து சமைக்கத் துணிகிறாள். பாண் கருகுகிறது, அஸ்பராகஸ் என்னுந் தண்டுக்கறி ஒரு மணிநேரம் வேகவைக்கப்படுகிறது, உருளைக்கிழங்கோ வேகவில்லை, ஸ்ட்ரோபெரிப் பழத்தின்மேற் சீனிக்குப் பதிலாக உப்புத் தூவப்படுகிறது. ஜோ அழும் நிலைக்கு வந்து, பின் தானே சிரித்துவிடுகிறாள், விருந்தினரும் சிரிக்கின்றனர்.

இக்காட்சி சமையலைக் கற்பிக்கவில்லை. சமையலிற் பிழைபடுதல் மன்னிக்கத்தக்கதென்பதைக் கற்பிக்கிறது. முதன்முறை அடுப்பண்டை நிற்கும் பிள்ளைக்கு இதனினும் வேண்டிய பாடம் வேறில்லை. 1871ஆம் ஆண்டில் வெளிவந்த 'சிறு ஆடவர்' என்னும் தொடர்நூலில் அதே ஜோ, இப்பொழுது பலர்க்குத் தாய் போன்றவளாய், டெய்சி என்னுஞ் சிறுமிக்கு மெய்யாகவே நெருப்பெரியும் ஒரு சிற்றடுப்பையும் ஏற்ற சிறு பாத்திரங்களையும் பரிசாக வழங்குகிறாள். பையன்கள் விளையாட்டிற் சேர்க்கவில்லையெனச் சோர்ந்திருந்த சிறுமி, கூடையுடன் சந்தைக்குச் சென்று தனக்கு வேண்டியவற்றை வாங்கி வந்து சமைக்கிறாள். பொம்மை அடுப்புக்கும் எரியும் அடுப்புக்கும் உள்ள வேறுபாட்டை ஒல்கொட் அறிந்திருந்தார். பிள்ளை விரும்புவது போலியையன்று. தன் அளவுக்கேற்ற மெய்ப்பொருளையே.

இவ்வாற்றான் முழுமையும் சிறப்பும் பெற்றவை லோரா இங்கல்ஸ் வைல்டர் எழுதிய கதைகளாம். இவர் 1867ஆம் ஆண்டில் விஸ்கொன்சின் மாநிலத்துப் பெப்பின் என்னும் ஊருக்கு அண்மையிற் பிறந்தார். 1957ஆம் ஆண்டில் மிசூரி மாநிலத்து மான்ஸ்பீல்டில் இறந்தார். குடியேற்றக்காரரான பெற்றோருடன் வண்டியேறி இடம்விட்டு இடம்பெயர்ந்த தம் இளமை வாழ்வைக் கதையாக்கி, முதல் நூலைத் தம் அறுபத்தைந்தாவது வயதில், 1932ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1943ஆம் ஆண்டுவரை எட்டு நூல்கள் வந்தன. எழுத்துப் பணியிற் புதல்வியான ரோஸ் வைல்டர் லேன் அவருக்குத் துணைநின்றார். பொருளாதார மந்தத்தினால் அமெரிக்கக் குடும்பங்கள் பல உணவுக்கு வருந்திய காலத்திலேயே இவ்வரிசை தொடங்கியது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

'பெருங்காட்டுச் சிறுவீடு' எனத்தக்க முதல் நூலிற் பெரிய நிகழ்ச்சிகள் குறைவு. ஓராண்டுக் காலத்தில் ஒரு வீட்டில் உணவு எவ்வாறு தேடப்பட்டது, ஆக்கப்பட்டது, காக்கப்பட்டது என்பதே ஏறக்குறைய நூல் முழுவதும். தாய் வெண்ணெய் கடையும் பகுதியை எடுத்துக்கொள்வோம். குளிர்காலத்துப் பாலிலிருந்து வரும் வெண்ணெய் வெளுத்திருக்குமாதலின், தாய் கரட் கிழங்கொன்றைத் துளையிட்ட தகரத்தில் உரைத்து, பாலிற் காய்ச்சித் துணியிற் பிழிந்து அந்நிறத்தைப் பாலாடையிற் சேர்க்கிறாள். பிழிந்தெடுத்த கரட் சக்கை பிள்ளைகளுக்கு உண்ணக் கிடைக்கிறது. திரண்ட வெண்ணெயைக் கழுவி, உப்பிட்டு, ஸ்ட்ரோபெரிப் பழமும் இரண்டு இலையும் செதுக்கிய மர அச்சில் அழுத்துகிறாள். மத்தினால் தயிர் கடையும் வீட்டிற் பிறந்த தமிழ்ப் பிள்ளைக்கும் இக்காட்சி அயலாகத் தோன்றாது. காரணமின்றி இங்கே ஒரு செயலுமில்லை. செய்யும் ஒழுங்கு மாறாமற் கூறப்படுகிறது. பிள்ளையின் கைக்கும் வாய்க்கும் ஒரு பங்கு விடப்பட்டிருக்கிறது.

இப்பங்கு விடுதலே வைல்டரின் தனிச்சிறப்பு. அவ்வீட்டிற் சனிக்கிழமை பாண் சுடும் நாள். அன்று மேரிக்கும் லோராவுக்கும் சிறிது மா கொடுக்கப்படும்; அவர்கள் தத்தமக்குச் சிறு பாண் செய்வர். நத்தார் வருமுன் தாய் கழிப்பாகையும் சீனியையும் சேர்த்துக் காய்ச்ச, தந்தை இரண்டு தட்டுகளில் தூய பனியை வெளியிலிருந்து எடுத்து வருகிறார். ஆளுக்கொரு தட்டு. சூடான பாகைச் சிறுமியர் நூலிழைபோற் பனிமேல் ஊற்ற, அது வளைவும் சுழியுமாக உடனே இறுகி இனிப்பாகிறது. ஆளுக்கு ஒன்றே அன்று உண்ணலாம். எஞ்சியது நத்தார் நாளுக்கு.

இதனைப் படித்த பிள்ளை, ஏன் இறுகியது எனக் கேளாதிருத்தல் அரிது. பாகு கொதிக்குந்தோறும் அதிலுள்ள நீர் ஆவியாகக் குறைய, அதன் கொதிநிலை ஏறிச்செல்லும். அவ்வாறு செறிந்த பாகு பனியிற் பட்டவுடன் விரைந்து குளிர்தலினால், சீனி மணிமணியாகப் படிவதற்குக் காலம் வாய்க்காது கண்ணாடிபோல் இறுகுகிறது. நம் வீடுகளிற் பாகின் பதம் பார்க்கத் தண்ணீரில் ஒரு துளி விட்டு உருட்டிப் பார்ப்பதும் இதே நெறியைக் கைக்கொண்ட அனுபவ அறிவாகும். பனியில்லாத நாட்டுப் பிள்ளைக்கும் பாகின் பதம் உண்டு. அதனைக் காட்டித்தர ஒருவர் வேண்டும்.

1933ஆம் ஆண்டில் வெளிவந்த 'பண்ணைச் சிறுவன்' என்னும் நூல் வைல்டரின் கணவர் அல்மன்சோவின் இளமைக்கதை. நியூயோர்க் மாநிலத்தின் வளமான பண்ணையில், ஒன்பது வயதை எட்டும் சிறுவனின் ஓயாத பசி நூல் முழுவதும் தொடர்கிறது. அதில் வரும் ஒரு செய்தி படித்த பிள்ளைகளை உடனே எழச்செய்வது. ஒரு குவளை நிறையப் பாலும், அதேயளவான இன்னொரு குவளை நிறையச் சோளப்பொரியும் எடுத்து, பொரியை ஒவ்வொன்றாகப் பாலில் இட்டால் முழுவதும் அடங்கிவிடும். பால் வழியாது என்கிறது கதை. இது பொய்யோ மெய்யோ எனக் காண விரும்பாத சிறுவன் எவன்? சோளமணியின் உள்ளிருக்கும் ஈரம் சூட்டினால் ஆவியாகி மேலோட்டை வெடிக்கச் செய்தலால், பொரியின் பருமனிற் பெரும்பகுதி காற்றேயாகும். பாலில் ஊறியதும் அது சுருங்கி இடந்தருகிறது. கதை ஒரு வரியிற் சொன்னதை அடுக்களை நிறுவிவிடுகிறது.

அந்நூலிலேயே, பெற்றோர் ஒரு கிழமை வீட்டில் இல்லாத காலத்து ஆண்பிள்ளைகள் இருவரும் பெண்பிள்ளைகள் இருவரும் கூடி ஐஸ்கிறீமும் கேக்கும் ஆக்குகின்றனர். சீனிப்பீப்பாய் நாளுக்குநாள் குறைந்து செல்கிறது. பெற்றோர் திரும்பும் நாள் நெருங்க நெருங்க அச்சமும் வளர்கிறது. நகையும் நடுக்கமுங் கலந்த இப்பகுதியிற் சமையல், பிள்ளைகளின் தன்னாட்சிக்கு அடையாளமாகிறது. ஆண் பெண் வேறுபாடின்றி நால்வரும் உழைப்பதும் கருதத்தக்கது.

ஆயினும் சமையலின் முழுப் பெருமையும் விளங்குவது வளத்திலன்று, வறுமையிலேயாம். 1940ஆம் ஆண்டில் வெளிவந்த 'நீண்ட குளிர்காலம்' என்னும் நூல், 1880-81ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் டக்கோற்றாப் பிரதேசத்து டி ஸ்மெற் என்னும் சிற்றூர் பனிப்புயல்களால் அடைபட்ட கதையைக் கூறுகிறது. புகைவண்டிகள் மாதக்கணக்கில் வரவில்லை. கடைகளில் மா இல்லை, நிலக்கரியும் இல்லை. லோராவின் குடும்பத்தார் உலர்புல்லை முறுக்கி விறகாக்குகின்றனர். கிடைத்த கோதுமையைக் கோப்பிக்கொட்டை அரைக்குஞ் சிறு கைப்பொறியிற் சிறிது சிறிதாக அரைக்கின்றனர். கண்பார்வையை இழந்த மூத்தமகள் மேரியும் தன் முறைக்கு அப்பொறியைச் சுழற்றுகிறாள். பார்வை வேண்டாத அவ்வேலையில் அவள் பிறர்க்குச் சமமாகிறாள். தாய் அம்மாவைப் புளிக்கவைத்துப் பாண் சுடுகிறாள். அப்பாணே காலையுணவும் மாலையுணவும் ஆகிறது.

அவ்வூரின் கோதுமையும் தீரும் நிலையில், அல்மன்சோவும் அவன் நண்பன் கப் கார்லண்டும் புயல்களுக்கிடையே வெளியிற் சென்று, தொலைவிலுள்ள ஒரு குடியேற்றக்காரரிடம் கோதுமை வாங்கி வருகின்றனர். ஓர் ஊரின் உயிர் அவ்வண்டிகளில் ஏறி வருகிறது. இதனைப் படித்த பிள்ளைக்குப் பாண் என்பது கடையில் வாங்கும் பண்டமாக மட்டும் இனித் தோன்றாது. அல்மன்சோவும் தமையன் ரோயலும் தம் இருப்பிடத்திற் தாமே அடுப்பு மூட்டிப் பான்கேக் என்னுந் தட்டையப்பங்களைச் சுட்டடுக்கி உண்பதும் அந்நூலிற் கூறப்படுகிறது. உயிரைப் பணயம்வைத்துக் கோதுமை கொணர்ந்த இளைஞனே தாச்சியையும் கையிலெடுப்பவன். வீரமும் சமையலும் ஒருவனிடத்து ஒன்றையொன்று இழிவுசெய்யாமல் நிற்கின்றன.

மா புளிக்கும் வகையை 1939ஆம் ஆண்டு நூலில் தாய் அயலவளொருத்திக்கு எடுத்துரைக்கிறாள். மாவையும் இளஞ்சூட்டு நீரையும் சாடியில் இட்டுப் புளிக்கும்வரை வைத்தல். எடுக்குந்தோறும் சிறிது மிச்சம்விட்டு மீண்டும் மாவும் நீருஞ் சேர்த்தல். அப்பத்துக்கும் தோசைக்கும் மா புளிக்கவைக்கும் வீட்டார்க்கு இம்முறையின் உட்பொருள் எளிதில் விளங்கும். கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் மாவில் வாழ்ந்து வாயுவை வெளிவிட, மா பொங்குகிறது. வெவ்வேறு கண்டங்களில் வாழ்ந்த தாய்மார் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே உயிரியல் உண்மையைத் தம் பானைகளிற் காத்து வந்துள்ளனர்.

வைல்டரின் கதைகளில் அளவுகள் அரிதாகவே காணப்படும். எத்தனை குவளை மா, எத்தனை நிமிடச் சூடு என்பன கூறப்படுவதில்லை. செயலுணர்வை எழுப்பிவிட்டு அளவைக் கூறாது விடுதலால், படிப்போர் தாமே தேட நேர்கிறது. இத்தேட்டத்தின் பெருவிளைவு பாபரா வாக்கர் என்பவர் 1979ஆம் ஆண்டில் வெளியிட்ட 'சிறுவீட்டுச் சமையல் நூல்'. கதைகளில் வரும் உணவுகளுள் நூற்றுக்கு மேற்பட்டவற்றை ஆக்கும் முறையை அது தருகிறது. அக்காலத்துப் பண்டங்கள், கருவிகள், குடியேற்ற வாழ்வு என்பவற்றையும் விளக்குகிறது. கதையிலிருந்து தோன்றிய சமையல்நூல் வரலாற்று நூலாகவும் ஆயிற்று. ஒரு பாண்துண்டை உள்ளவாறு ஆக்க முயல்வோர் அம்மாவை அரைத்த பொறியையும், கோதுமை விளைந்த நிலத்தையும், அதனைக் கொணர்ந்த புகைவண்டிப் பாதையையும் அறியவேண்டியவராகின்றனர்.

கீழைத்தேயத்திலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். யப்பானிய எழுத்தாளர் ரியெக்கோ நக்காகாவா பாலர் காப்பகமொன்றில் ஆசிரியையாக இருந்தவர். 1963ஆம் ஆண்டில் அவர் எழுதிய 'குரியும் குராவும்' என்னும் கதை பின்னர்ப் படநூலாகி, யப்பானியச் சிறுவரிடையே பெருவழக்குப் பெற்றது. இரண்டு வயலெலிகள் காட்டில் மிகப் பெரிய முட்டையொன்றைக் காண்கின்றன. வீட்டுக்கு எடுத்துச் செல்ல இயலாமையால், தாச்சியையும் மாவையும் பாலையும் சீனியையும் வெண்ணெயையும் நெருப்புப்பெட்டியையும் அவ்விடத்துக்கே கொண்டுவந்து 'கஸ்தெரா' என்னுங் கேக்கைச் சுடுகின்றன. மணம் பரந்ததும் விலங்குகள் யாவும் வந்து சூழ்ந்து காத்திருக்கின்றன. மூடி திறக்கப்பட்டதும் பொன்னிறக் கேக் பொங்கி நிற்கிறது. எல்லாரும் பங்கிட்டு உண்கின்றனர். எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைக்கும் விளங்கும் இக்கதையில், ஆயத்தம், உழைப்பு, காத்திருத்தல், பகிர்தல் என்னும் நான்கும் முறைப்படி அமைந்துள்ளன.

மேற்கூறியவற்றை ஒப்புநோக்கின், கையை எழுப்புங் கதைகளுக்குரிய இலக்கணம் ஒருவாறு புலனாகும். முதலாவது, செயல் தொடக்கம் முதல் முடிவுவரை ஒழுங்குபடக் காட்டப்படல் வேண்டும். இரண்டாவது, பிள்ளையின் கைக்குரிய பங்கு அதில் இருத்தல் வேண்டும். மூன்றாவது, பிழை நேர்தற்கு இடமும் பிழையைப் பொறுக்கும் உள்ளமும் வேண்டும். நாலாவது, ஆக்கிய உணவு யாரோ ஒருவருடைய பசியைத் தீர்த்தல் வேண்டும். இந்நான்கினுள்ளும் இறுதியானதே தலையாயது. தன் கையால் ஆக்கியதைப் பிறர் உண்டு பசியாறக் காணும் பிள்ளை, தான் வேண்டப்படுபவன் என்பதை முதன்முறை உணர்கிறான். தேர்விற் பெறும் புள்ளி அவனுக்கு மட்டுமே உரியது. அவன் சுட்ட பாணோ வீட்டார் எல்லார்க்கும் உரியது.

கல்வியறிஞர் ஜோன் டூயி 1896ஆம் ஆண்டிற் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் நிறுவிய ஆய்வுப் பள்ளியில், சமையல் பாடத்திட்டத்தின் நடுவிடங்களுள் ஒன்றாக விளங்கியது. முட்டையை வேகவைக்குமுன், நீரின் வெவ்வேறு வெப்பநிலைகள் முட்டைவெண்கருவில் விளைக்கும் மாற்றங்களைச் சிறுவர் தாமே ஆய்ந்தறிந்ததை அவர் 1899ஆம் ஆண்டு நூலில் எடுத்துக்காட்டுகிறார். குறிப்பைப் பார்த்து அவ்வாறே செய்தலன்று, காரணம் அறிந்து செய்தலே கல்வி என்பது அவர் கொள்கை. கதை ஆவலை எழுப்புகிறது. அடுக்களை அதனைச் சோதிக்கிறது. ஆசிரியர் அதற்குக் காரணங் காட்டுகிறார். மூன்றும் ஒருங்கு சேருமிடத்து, வேதியியலும் வரலாறும் ஒழுக்கமும் வெவ்வேறு பாடங்களாக நில்லாது ஒரே கலத்தில் வேகின்றன.

இதற்கு மறுப்புகளும் கூறப்படலாம். நெருப்பும் கத்தியும் சிறுவர்க்குத் தீங்கு பயக்கும் என்பது முதலாவது. அது பொய்யன்று, கொதிக்கும் பாகு தோலிற் பட்டால் ஒட்டிக்கொண்டு கடுமையாகச் சுடும். ஆனால் வைல்டரின் பனிப்பாகுக் காட்சியிற் பாகைக் காய்ச்சுபவள் தாய், ஊற்றுபவரே சிறுமியர். வயதுக்கேற்ப வேலையைப் பகிர்ந்து, பெரியோர் அருகிருந்து காத்தலே வழி. விலக்கிவைத்தல் காப்பாகாது, இன்று விலக்கப்பட்ட பிள்ளை நாளை துணையின்றி அவ்வடுப்பண்டை நிற்க நேரும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் ஆழமானது. வைல்டரின் நூல்கள் அந்நிலத்துக்குரிய பழங்குடி மக்களை நோக்கும் நோக்கில் நடுநிலை இல்லை. 1935ஆம் ஆண்டு வெளிவந்த நூலில் அக்குடும்பம் குடியேறியது ஒசேஜ் மக்களுக்குரிய நிலத்திலேயாம். 1954ஆம் ஆண்டில் அவர் பெயரால் நிறுவப்பட்ட சிறுவர் இலக்கிய விருதின் பெயரை, அமெரிக்க நூலகச் சங்கத்தின் சிறுவர் நூலகப் பிரிவு 2018ஆம் ஆண்டில் மாற்றியமைக்கு இதுவே காரணம். எனவே இந்நூல்களை வகுப்பில் எடுப்போர் உணவின் இனிமையோடு, அவ்வுணவு விளைந்த நிலம் யாருடையது என்னும் வினாவையும் உடன் எழுப்புதல் கடன். நல்ல அடுக்களைக் கல்வி இவ்வினாவுக்கு அஞ்சாது. உணவு எங்கிருந்து வந்தது எனக் கேட்கப் பழகிய பிள்ளை, அது யாரிடமிருந்து வந்தது எனவும் ஒருநாள் கேட்கும்.

மூன்றாவது மறுப்பு நம்மவர் வாயில் அடிக்கடி கேட்கப்படுவது. சமையல் பெண்பிள்ளைக்குரியது, ஆண்பிள்ளைக்குப் படிப்பே போதும் என்பது அது. இது நம் மரபெனக் கூறுவோர் மரபை மறந்தவராவர். சமையலின் சிறப்பைச் சொல்லும் 'நளபாகம்' என்னும் வழக்கு ஓர் அரசன் பெயரால் வந்தது. பாரதத்தில் வீமன் மறைந்துறைந்த ஆண்டில் விராடன் அடுக்களையில் மடையனாக, அதாவது சமையற்றொழிலாளனாக, இருந்தான். மடைத்தொழிலைக் குறித்த அச்சொல் பிற்காலத்தில் அறிவிலியைக் குறிக்கும் வசையாக வழங்குதல், தொழிலின் இழிவையன்று, நம் நோக்கின் இழிவையே காட்டும். மனைப்பொருளியலைப் பெண்கள் பாடமென ஒதுக்கிவைத்து, சித்திகள் பல பெற்ற இளைஞனைப் பல்கலைக்கழக விடுதிக்கோ கடல்கடந்த நாட்டுக்கோ அனுப்பும் பெற்றோர், சோறு வடிக்கத் தெரியாத கையோடு அவனை அனுப்புகின்றனர். அவன் அங்கு உணரும் தனிமையிற் பாதி பசியினால் வருவது.

தமிழ்ச் சிறுவர்க்கும் இத்தகைய இலக்கியம் முற்றிலும் இல்லாமலில்லை. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் ஆடிப்பிறப்பைக் குறித்துப் பாடிய சிறுவர் பாடல், கூழும் கொழுக்கட்டையும் ஆக்கும் தொழிலை வரிசையாகச் சொல்லிச் செல்கிறது. அது கதையன்று, பாடல். எனினும் முன்கூறிய இலக்கணங்களுட் பல அதில் அமைந்துள்ளன. தலைமுறை தலைமுறையாக யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் அதனை மனனஞ் செய்தனர். மனனஞ் செய்தோருள் எத்தனைபேர் ஒருமுறையேனும் மாவைத் தம் கையாற் பிசைந்து கொழுக்கட்டை பிடித்தனர் என்பதே கேட்கத்தக்க கேள்வி. பாடலை ஒப்புவித்தலோடு வகுப்பு முடிந்துவிடுமாயின், அடுக்களைவாயில்வரை பிள்ளையை அழைத்துச்சென்று கதவைச் சாத்தியதாகவே முடியும்.

ஆதலின் ஆசிரியர் செய்யத்தக்கது பெரிய முயற்சியன்று. உணவு ஆக்கும் காட்சியுள்ள கதையொன்றையோ பாடலொன்றையோ தவணைக்கு ஒருமுறை எடுத்து, அதிலுள்ள ஒரு செயலையேனும் மாணவர் கையாற் செய்வித்தல் வேண்டும். பாகின் பதம் பார்த்தல், மா புளித்தலை நாள்தோறும் கண்டெழுதுதல், கொழுக்கட்டை பிடித்தல் என்பன சிறிய செலவில் இயல்வன. வீட்டிற் பாட்டியிடமும் தாயிடமும் முறையைக் கேட்டெழுதி வரச்செய்தால், எழுதப்படாத அறிவொன்று ஏட்டிலேறும். எழுத்தாளராக விரும்பும் மாணவர்க்கும் இதில் ஒரு கடமையுண்டு. பனையும் நெல்லும் கடலும் தரும் உணவுகளை ஒரு பிள்ளையின் கை ஆக்குவதாகக் கதைகள் தமிழில் மிகுதியாக எழுதப்படல் வேண்டும்.

டி ஸ்மெற் ஊரார் அக்குளிர்காலத்தைக் கடந்தது, உள்ள கோதுமையை அரைக்கவும் புளிக்கவைக்கவும் சுடவும் அறிந்த கைகள் வீடுதோறும் இருந்தமையாலாகும். அக்கைகளுட் சில சிறுவருடையன. நெருக்கடி வந்தபின் பிள்ளைகளின் கைகளைப் பழக்குதல் இயலாது. கதை கேட்கும் பருவத்திலேயே அவை பழகுதல் வேண்டும்.